வயிற்றில் அடித்தல்

ரோலாவில் ஒரு ஜூஸ் கடைக்கு மேலே
எங்கள் அலுவலகம்.
ஆரஞ்சுத் தோல் மணக்கும் படிக்கட்டில்
பூவலிங்கம் ஏறி வந்தபோது
கையில் ஒரு பாலித்தீன் பை:
பாஸ்போர்ட் நகல், இரண்டு மொழியில் ஒப்பந்தம்,
சம்பளம் ஏறாத ஏழு மாதம்.

சாரம் கட்டும் வேலை. ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம்.
உட்காரச் சொன்னால் நாற்காலி நுனியில்
அரை ஆள் அளவுக்குத்தான் உட்கார்ந்தார்.

போன வருடம் என்றால்
நாளை மறுநாள் வரச் சொல்லியிருப்பேன்.
இப்போது மேசையில் அது இருக்கிறது.
மேனேஜர் சாஜன் அதற்குப் பெயர் வைக்கவில்லை,
மாதச் சந்தா மட்டும் கட்டுகிறார்.
நாற்பத்தொரு பக்கத்தையும் அதன் வாயில் போட்டேன்.
டீ ஆறவில்லை.

ஆங்கிலத்தில் ஆயிரத்து இருநூறு,
அரபியில் எண்ணூறு என்றது.
பன்னிரண்டாம் பிரிவு, கீழிருந்து மூன்றாம் வரி.
மூலத்தை எடுத்துப் பார்த்தேன்.
இருந்தது,
கொசு உட்கார்ந்த மாதிரிப் பொடி எழுத்தில்
நானூறு திர்ஹம்.

மாதம் நானூறு, மூன்று வருடம்.
பூவலிங்கம் விரல் விட்டு எண்ணினார்.
விரல் போதவில்லை.

"சரி, என்ன நடந்ததுன்னு சொல்லுங்க."
போனை அவர் முன்னால் வைத்தேன். அது கேட்டுக்கொண்டது.
"என்னத்தச் சொல்ல மேடம்.
வயித்துல அடிச்சிட்டாங்க."

மனு வந்தது.
சுத்தமான அரபி. நான் எழுதுவதைவிட அழகு,
ஒத்துக்கொள்கிறேன்.
நான்காம் பத்தியில்,
நிறுவனத்தின் மேற்பார்வையாளர்
மனுதாரரின் அடிவயிற்றில் தாக்கினார் என்றும்
மருத்துவச் சான்று பின்னிணைப்பு மூன்று என்றும்.

பின்னிணைப்பு மூன்று எங்கே?
இல்லை.
இருக்குமே என்று நினைத்திருக்கிறது.
அடி என்றால் சான்று,
சான்று என்றால் ஒரு எண்.

ஏழாம் பத்தியில் ஒரு முன்தீர்ப்பு.
எண், ஆண்டு, அமர்வு,
நீதிபதி சொன்னதாக இரண்டு வரி.
ஏதாவது ஒரு நீதிபதி
சொல்லியிருக்க வேண்டிய இரண்டு வரி.
மதியம் முழுக்கத் தேடினேன்.
அப்படியொரு வழக்கை யாரும் போடவில்லை,
யாரும் தோற்கவும் இல்லை.

அடித்தார்கள் என்பதை அடித்துவிட்டு
பிழைப்பைப் பறித்தார்கள் என்று எழுதினேன்.
வயிறு என்ற சொல்லை எடுத்தேன்.
எடுத்ததும் மனு கொஞ்சம் மெலிந்துபோனது.

"அது பொய் சொல்லுமா மேடம்?"
"பொய் சொல்லத் தெரியாது.
தெரியாதுன்னு சொல்லவும் தெரியாது."
சிரித்தார். "எங்க ஃபோர்மேன் மாதிரி."

எதிர்த்தரப்பு வக்கீலும் இதையேதான் கேட்பார்.
இதே சந்தா, இதே டீ ஆறாத நேரம்.
பூவலிங்கத்துக்கு எதிராக எழுதச் சொன்னாலும்
இதே அழகில் எழுதிக் கொடுக்கும்.
அவர் குரல் இப்போது எந்த நாட்டில்
எந்தக் குளிர்ந்த அறையில் கிடக்கிறதோ.
அவரைக் கேட்டுவிட்டு நான் போனை வைக்கவில்லை.

கடைசியில் என் முத்திரை, ஊதா மையில்.
ஹமீதா பர்வீன், சட்ட மொழிபெயர்ப்பாளர்.
கூண்டில் நிற்க அதற்குக் கால் இல்லை.

இப்படியே குற்றம் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.
ராத்திரி எல்லோரும் போனபின்
கீழ் இழுப்பறையைத் திறந்தேன்.
சேவுகமூர்த்தி. இரண்டு வருடத்துக்கு முந்தைய கோப்பு.
வேறு கம்பெனி, அதே பொடி எழுத்து.
மூன்று நாள் கண் எரிய எரியப் படித்து
"ரெண்டும் ஒண்ணுதாங்க, வித்தியாசம் இல்லை"
என்று நான் அனுப்பிவைத்த மனிதர்.
விமானம் ஏறுமுன் நன்றி என்று ஒரு மெசேஜ் போட்டிருந்தார்.

ஸ்கேனரில் வைத்தேன்.
வேண்டாம் என்று எடுத்தேன்.
மறுபடி வைத்தேன்.

எட்டு வினாடி.

பதினான்காம் பிரிவு.
முன்னூற்று ஐம்பது.

யா அல்லா, இதுவும்
அது இட்டுக்கட்டிய எண்ணாக இருக்கட்டும் என்று
மூலத்தைப் பிரித்தேன்.