அடிக்குறிப்பு பன்னிரண்டு

டிராமில் இருந்து இறங்கும்போது
கொறேராவைச் சுட்டார்கள்.
மூன்று வேட்டு.
சாயும்போது சொன்னாராம்:
"என் இரத்தம் இந்தத் துறைமுகத்தின் உப்பு."
கொச்சிக்கடைச் சுவரில் சிவப்பில் இருக்கிறது.
மே தினங்களில் தொண்டை கிழிய
நானும் கத்தியிருக்கிறேன்.

நினைவு மலருக்கு மெய்ப்புப் பார்க்கக் கூப்பிட்டார்கள்.
அந்த வாக்கியத்தின் தலையில் சின்னதாய் ஒரு பன்னிரண்டு.
பன்னிரண்டு என்னை எழுபத்துநான்காம் ஆண்டு மலருக்கு அனுப்பியது.
அது ஒரு சொற்பொழிவுக்கு.
சொற்பொழிவாளர் "யாவரும் அறிந்ததே" என்கிறார்.
யாவரையும் எங்கே போய் விசாரிக்க?
ஜம்பட்டா வீதியில் சைக்கிள் திருத்தும் குருசு
தன் தகப்பன் கண்ணால் கண்டவர் என்றார்.
தகப்பனின் படம் மாட்டியிருந்தது, பிறந்த தேதியோடு.
கொலைக்கு அடுத்த வருடம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் வாங்கித் தந்த பிளேன்டீ கையில் சுட்டது.

சுவடிக்கூடத்தில் பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி.
மரண விசாரணைக் கோப்பு,
பூச்சி அரித்த ஓரம், முழுக்க இங்கிலீசு.
அன்று டிராமே ஓடவில்லை.
வேலைநிறுத்தம்.
அறிவித்தவரே அவர்தான்.
நடந்து வந்திருக்கிறார்,
வார் தைத்து வாங்கிய செருப்பைக்
காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
வேட்டு ஒன்று.

நாலாம் சாட்சி, கான்ஸ்டபிள் தர்மசேன:
விழுந்தவர் இரண்டு மூன்று தடவை
தமிழில் ஏதோ சொன்னார்.
எனக்குத் தமிழ் தெரியாது.
ஒரு சொல்லாவது ஞாபகம் இருக்கிறதா?
இல்லை ஐயா.
ஆனால் ஏதோ கேட்ட மாதிரி இருந்தது.
என்னிடம்தான்.

அதற்குக் கீழே வேறு மையில்,
குமாஸ்தாவின் சாய்ந்த கையெழுத்து:
மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை.

மணியடித்து விளக்கணைக்கும்வரை
அந்தப் பக்கத்தை நான் திருப்பவில்லை.
தண்ணீர் கேட்டிருக்கலாம்.
யார் சுட்டது என்று கேட்டிருக்கலாம்.
செருப்பு எங்கே என்றுகூட.

மறுநாள் மெய்ப்பில்
வாக்கியத்தையும் வெட்டினேன், பன்னிரண்டையும் வெட்டினேன்.
அச்சக முதலாளி கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார்.
"அப்ப மனுசன் என்னதான் சொன்னது?"
"தெரியாது."
"தெரியாதெண்டு போட ஏலுமா தம்பி, மலர்ல?"

மலர் வந்தது.
வாக்கியம் அட்டையிலேயே, தங்க எழுத்தில்.
அடிக்குறிப்பை மட்டும்
நான் சொன்னபடியே
எடுத்துவிட்டிருந்தார்கள்.