இரண்டு விரல் மண்

முகத்துவாரத்தில் இரண்டடி தோண்டினால் தண்ணீர்.
அதனால் ஒன்றரை அடியோடு நிறுத்தினேன்.
நீளம் மூன்று, அகலம் இரண்டு.
இரண்டு பாதம் நிற்கக் காணும்.

குழியின் இரு கரையிலும் சில்லுகள்,
நடுவே பழைய லொறி அச்சு.
கிராண்ட்பாஸ் இரும்புக் கடையில்
தன் கட்டைவிரலையும் சேர்த்து நிறுத்தவனிடம்
விரலைக் கழித்துத்தான் காசு கொடுத்தேன்.
துறைமுகத்தில் லொறி நிறுக்கும் மேடையில்
பதினாறு வருஷம் இருக்கிறேன்.
பாரத்தோடு போகும், வெறுமையாய் வரும்,
கழித்தால் கிடைப்பதுதான் சரக்கு.

இருநூற்றுப் பத்துக் கிலோ.
குழிக்குள் இறங்கினால் அச்சு தொடை நடுவில் நிற்கும்.
அங்கிருந்து நிமிர நாலு விரல் தூரம்.
அவ்வளவுதான் தூக்கு.
காலி வீதி ஜிம்மில் கண்ணாடி பார்க்கும் பொடியள்
"அக்கா, இது கள்ளத் தூக்கு" என்றார்கள்.
இருக்கலாம்.
அந்த நாலு விரலுக்குள்
காதில் கடல் இரைகிறது,
உள்ளங்கைத் தோல் இரும்பில்
ஒரு துண்டை விட்டுவிட்டு வருகிறது.
கள்ளம் இவ்வளவு நிறுக்காது.

ஞாயிறுதோறும் குழிக்குள்
இரண்டு விரல் மண் கொட்டி மிதிப்பேன்.
பாரம் அப்படியே இருக்கும்.
நிலம் ஏறும்,
நான் குனியும் தூரம் கூடும்.

மூன்றாம் வாரம் சார்ஜன்ட் ரத்நாயக்க வந்தார்.
மதிலுக்கு மேலால் யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.
தமிழ்ப் பொம்பிளை, தனிய, இரவில் மண்வெட்டி:
கூட்டினால் என்ன வரும் என்று எனக்கும் தெரியும்.
அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
பிறந்த இடம் முல்லைத்தீவு.
"என்ன புதைக்கிறது?"
ஒன்றுமில்லை, என்றேன். கிளப்புகிறேன்.
சிங்களத்திலும் சொன்னேன்.
இரண்டிலும் நம்பும்படியாக இல்லை.

பங்கர் வெட்டிப் பழகிய கைக்கு
ஒன்றரை அடி வெறும் சோம்பல்.
அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

நாடாவை விரித்துக் குழியை அளந்தார்.
ஆள் கொள்ளாது.
அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது, என்னுடையதும்.
பிறகு, யாரும் கேட்காமலே,
தொப்பியைப் பரீதா வீட்டு மதிலில் வைத்துவிட்டுச்
சப்பாத்தோடு குழியில் இறங்கினார்.
அச்சைப் பிடித்தார்.
பிடித்தபடியே நின்றார்.
கழுத்து நரம்பு மட்டும் எழுந்து
சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் படுத்தது.

"நீங்கள் செய்யுங்கள்."

அச்சு மெல்ல வளைந்தது, சில்லு கிணுங்கியது,
கரைமண் இரண்டு கட்டி உதிர்ந்து
என் காலில் விழுந்தது.
அவர்தான் எண்ணினார்: எகாய், தெகாய், துனாய்.
கொப்பியில் எழுதினார்: குழி, தேகப்பயிற்சி.
கோகிலவதனியில் ஒரு எழுத்துக் குறைந்திருந்தது.
விட்டுவிட்டேன்.

ஐந்தாம் வாரம் மழை.
தவளை இருந்த வாளித் தண்ணீரை
மூன்று தரம் அள்ளி ஊற்றினேன்,
மூன்று தரமும் அதே தவளை.

எட்டாம் வாரம் அச்சு முழங்காலுக்குக் கீழே போனது.
எக்ஸ்ரேயைத் தட்டி டாக்டர் காட்டிய
அந்த எலும்பு அங்கேதான் காத்திருந்தது.
மூன்று ஞாயிறு இரும்பு கிளம்பவில்லை.
நான் மண் போடவுமில்லை.
நாலாம் ஞாயிறு, பரீதா பார்க்காத நேரம்,
போட்ட மண்ணில் ஒரு விரல் ஆழம்
திரும்ப அள்ளி வெளியே கொட்டினேன்.
வெட்கமாகத்தான் இருந்தது.
கிளம்பியது.

நிலமட்டத்துக்கு இன்னும் ஒன்பது விரல்.
மூட்டை பிரிந்து கிடக்கும் மண்ணில்
பரீதாவின் பூனை தன் சின்னக் குழியைத் தோண்டுகிறது,
சுற்றிலும் பார்க்கிறது,
வேலை முடிந்ததும் அவசரமாய் மூடுகிறது.
கையில் சோக்குப் பூசிக்கொண்டு
அது போகும்வரை
நிற்கிறேன்.