மூன்றாவது கீல்

நாற்பது கிலோ. மாடிப்படியில்
இரண்டு முறை சுவரில் சாய்த்து மூச்சு வாங்கினேன்.
டுலூத்தில் வாசல் கதவுக்கு இந்த எடை வேண்டும்.
ஜனவரியில் ஏரி எழுந்து ஊருக்குள் நடக்கும்.
ஒரு பக்கம் பனி, மறுபக்கம் கணப்பு;
நடுவில் நிற்கிற பலகைக்கு
வயிறு காலியாக இருந்தால் முதுகு வளைந்துபோகும்.
கடப்பாரைக்காரனைச் சலிப்படையச் செய்யும்.
நெருப்பை இருபது நிமிஷம் வெளியே நிறுத்தும்.
யார் கேட்டாலும் ஒப்பிப்பேன்.

உள்ளறைக் கதவு வேறு ரகம்.
மெல்லிய தோல் இரண்டு, இடையில்
தேன்கூடாய் மடித்த அட்டை. தேன் கிடையாது.
செய்தவனைக் குறை சொல்ல முடியாது.
வீட்டுக்குள் இருப்பவர்கள்
வீட்டுக்காரர்கள்தானே என்று நினைத்திருப்பான்.

ராக்னா லிண்ட்குவிஸ்ட்டின் படுக்கையறைக் கதவில்
என் மார்பு உயரத்துக்கு ஒரு துண்டு தொங்கியது.
கீலைக் கழற்ற அதை எடுத்தேன்.
பின்னால் ஓட்டை.
ஒரு முஷ்டி அளவு; அட்டை பிதுங்கியிருந்தது.

"இது வாசலுக்கான கதவு, அம்மா.
இந்த அறைக்குக் குளிர் வராதே."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"நெருப்புக்கா? இருபது நிமிஷம்..."

"ஆளுக்கு."

எந்தக் கம்பெனியும் அதை அச்சடிப்பதில்லை.

"போன தடவை போலீஸ் வர
பதினெட்டு நிமிஷம் ஆச்சு" என்றாள்,
பஸ் நேரம் சொல்வது போல.

அப்புறம் நான் பேசவில்லை.
கனத்த கதவை நோஞ்சான் நிலையில் மாட்டினால்
கதவு நிற்கும், நிலை பிய்ந்துகொண்டு வரும்.
குட்டைத் திருகாணிகளை எல்லாம் பிடுங்கினேன்.
மூன்று அங்குலத் திருகாணி,
சுவரின் எலும்பைத் தொடும்வரை.
இரண்டு கீல் கேட்டிருந்தாள்; மூன்று போட்டேன்.
தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று
கேட்க வேண்டியிருக்கவில்லை.

ரசீதில் 'வெளிக்கதவு, ஒன்று' என்று எழுதி
'இடம்' என்ற கட்டத்தில் கொஞ்சம் நின்றேன்.
'வாசல்' என்று எழுதினேன்.
பொய் என்று தோன்றவில்லை.

நாலே முக்காலுக்கு
பழைய கதவை ஒற்றைக் கையில் இறக்கினேன்,
அவ்வளவு லேசு.
முற்றத்தில் ஒரு பிக்கப் திரும்பி நின்றது.
இறங்கியவன் சிரித்த முகம், நல்ல உயரம்.
"ஏதாவது உடைஞ்சுதா?" என்றான்.
ஓட்டையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு
"பழசு" என்றேன்.

மேலே தாழ்ப்பாள் விழுந்தது.
இவ்வளவு தடிமனில்
அது கீழே கேட்டிருக்கக் கூடாது.
எனக்குக் கேட்டது.