மூணு சுழி, ரெண்டு சுழி

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
நூலகத்துக்குள் பேச்சு நின்றுவிடும்.
கூட்ஸ் போய் முடிய ஆறு நிமிஷம்.
அந்த ஆறு நிமிஷத்தில்தான்
கணினி என்னைக் கேட்டது:
ஒரே ஆசிரியரா?
ஆம். இல்லை.

ஜி. துலுக்காணம்: கொதிகலன் பராமரிப்புக் கையேடு.
கோ. துலுக்காணம்: நாட்டுக்கோழிக்கு வரும் சீக்குகள்.
கே. துலுக்கானம், இவருக்கு ரெண்டு சுழி:
கேரம் போட்டியின் நுணுக்கங்கள்.
கோவி. துலுக்காணன், ‘ன்’ அச்சகத்தார் போட்ட பிச்சை:
வாடகைக்குக் குடியிருப்போர் சட்டம், எளிய தமிழில்.
பிறகு, முன்னெழுத்தே இல்லாமல்,
அட்டையும் பாதி கிழிந்து, வெறும் துலுக்காணம்:
‘தார் ஆறாத சாலை’.
கவிதைகள். விலை மூன்று ரூபாய்.

கோவிந்தசாமி மகன்
தமிழில் கோ., இங்கிலீஷில் ஜி.,
அவசரத்தில் பதிந்த குமாஸ்தாவுக்கு கே.
அப்படியானால் ஐவரும் ஒருவர்.
அல்லது,
அம்மனுக்கு வேண்டிக்கொண்டு பேர் வைத்த
ஐந்து வீடுகள்.
ஒரு சுழி குறைந்ததற்கெல்லாம்
ஆள் மாறிவிடுமா என்ன.

மத்தியானம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தேன்.
கொதிகலன்காரர் எழுதுகிறார்:
‘முள்ளை மட்டும் நம்பாதே.
அழுத்தம் ஏறினால் சத்தம் மாறும். நின்று கேள்.’
கோழிக்காரர்:
‘கூவாத சேவலைத் தூக்கிக் காதோடு வை.
உள்ளே கரகரப்பு இருக்கும்.’
எனக்குப் புல்லரித்தது. ஆள் சிக்கிவிட்டார்.
‘ஆம்’ மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு
ஒரு பேச்சுக்குக் கவிதையையும் புரட்டினேன்.
‘வலது காது போன வருஷத்திலிருந்து
உன் உதட்டைப் படிக்கிறேன்.’

அம்பு அப்படியே நின்றது.
கொதிகலன் எடுத்துக்கொண்ட காதா அது?
வேறு வீட்டுக் காதா?

போஸ்ட்மேன் வரதப்பனைக் கேட்டேன்.
‘என் பீட்டுல பதினோரு துலுக்காணம் கீறாங்க.
எழுதுறவருன்னா,
ஒருத்தர் ஆட்டோ பின்னாடி எழுதுறாரு.
ஒருத்தர் தாசில்தார் ஆபீஸ் வாசல்ல மனு எழுதுறாரு.
ஒருத்தர் சீட்டுக் கணக்கு,
அவரத் தேடி ஏற்கனவே நாலு பேர் சுத்துறாங்கோ.
உனக்கு எவுரு வோணும்?’

அந்த மாசம் எனக்குச் சம்பளம் ஏறவில்லை.
ஒப்பந்தத்தில் நான் டெய்சி ராணி.
ஆதாரில் டெய்சிராணி, நடுவில் மூச்சுவிட இடமில்லை.
பாங்கில் டைசி.
ஏஜென்சிக்காரன் பட்டியலில் ஒரு வரி தவறி
அதே ஏஜென்சியில் கூட்டிப் பெருக்கும்
காசிமேட்டு டெய்சி ராணிக்குப் போய்விட்டதாம்.

நேரிலேயே வந்தாள், ஹெல்மெட்டைக் கழற்றாமல்.
‘ரெண்டு மாசம் சேர்த்துப் போட்டாங்கன்னு நெனச்சேன்.
நாலாயிரம் பையன் ஃபீஸுக்குப் போச்சு.
மீதி இந்தா. அத ரெண்டு தவணையா தந்துடறேன்.’
எண்ணினேன். சரியாக இருந்தது.
பேரைச் சொல்லித் திட்டலாம் என்று வாயெடுத்தேன்.
அது என் பேராக இருந்தது.

கேட் மூடியது.
இனி ஆறு நிமிஷம் யாரும் பேச முடியாது.
ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள்.
முன்நெற்றியில் வேர்வை.
கிடந்த புத்தகங்களில் ஒன்றை எடுத்து
படம் பார்ப்பதுபோல் தள்ளிக்கொண்டே வந்தவள்
ஒரு பக்கத்தில் நின்றாள்.
கடைசிப் பெட்டி கடந்ததும்,
‘எங்கூட்டு சேவலு ரெண்டு நாளா கூவல’ என்றாள்.

கொடுத்தனுப்பினேன்.
எடுத்தவர் பெயர் என்ற கட்டத்தில்
டெய்சி ராணி என்று எழுதி
இடைவெளி சரியா என்று அவளையே கேட்டேன்.
‘எனக்கென்ன தெரியும், நீ எப்டி எழுதுவியோ அப்டி’ என்றாள்.

சாயங்காலம் கணினியில்
நாலு பேருக்கு ‘இல்லை’ அழுத்திவிட்டேன்.
கவிதைக்காரருக்கு இன்னும் இல்லை.
பதினோரு பேரில் எவர் என்று தெரிந்தால்
நானே போய்க் கேட்டுவிடுவேன்,
இடது பக்கமாக நின்று.