இருநூற்றுப் பதினோராம் பக்கம்

நவம்பரில் மின்சாரம் போன ஒரு மாலையில்
அந்தத் துப்பறியும் கதையைத் தொடங்கினோம்.
ஆற்றுப் பாலத்தருகே பழைய புத்தகக்காரனிடம்
அரைக் கிலோ வால்நட் விலைக்கு
கோடையிலேயே நுக்ஸார் வாங்கிப் போட்டது.
குத்தாய்சியில் மழை பிடித்தால் மூன்று நாள்.
பானையில் பீன்ஸ் வேக மூன்று மணி நேரம்.
ஒரு கொலைக்கு அது போதும்.

நுக்ஸார்தான் படிப்பார்.
பகலெல்லாம் லாரி எஞ்சின்களோடு கத்திய தொண்டை,
கதையில் பெண் பேசினால் மட்டும்
பட்டுத்துணி போலாகும். சிரித்துவிடுவோம்.
தெக்லே பூண்டு நசுக்குவாள்.
எட்டு வயது வாஹோ, வேலை எதுவும் இல்லாததால்,
மேசைக்கடியிலிருந்து எல்லாரையும் சந்தேகிப்பான்,
ஸ்டேஷன் மாஸ்டரின் பூனை உட்பட.
நான் முதுகைக் காட்டியபடி
மல்லித்தழையும் உலர்ந்த செண்டுமல்லி இதழும் கிள்ளிப் போட்டு
பாதிக் கதையைக் காதாலும்
மீதியைக் கரண்டியாலும் கேட்பேன்.

இருபதாவது இரவு.
ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையில் எல்லாரையும் கூட்டி
துப்பறிபவர் விரலை நீட்டுகிறார்.
நுக்ஸார் தாளைப் புரட்டினார்.
அட்டை.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.
ஜூலை. ராஸ்பெரி பொங்கி வழிகிறது.
பதினோரு ஜாடி, பத்து மூடி,
கைக்கெட்டிய தூரத்தில் யாரும் தொடாத ஒரு புத்தகம்.
கிழித்தேன். நூலால் இறுக்கிக் கட்டினேன்.
நிலவறையில் கடைசி வரிசைக்குப் பின்னால் தள்ளினேன்.

சொல்லியிருக்கலாம்.
"உப்புப் போதுமா?" என்று கேட்டேன்.

அதன் பிறகு தினமும் விசாரணை.
விதவைதான் என்றாள் தெக்லே.
டிக்கெட் எழுத்தர்தான், அவ்வளவு மெதுவாக
எவன் சில்லறை எண்ணுவான் என்றார் நுக்ஸார்.
ரம்பம் இரவல் கேட்க வந்த கொழுந்தன் கோச்சா
ஓர் அத்தியாயம்கூடக் கேட்டதில்லை,
மூன்று கிண்ணம் சாப்பிட்டுவிட்டு
டாக்டரைக் குற்றம் சாட்டினான்.
பதினைந்து வயதுக்காரி, கதவைச் சாத்திக்கொண்டு
போனோடு குடியிருந்தவள்,
கூப்பிடும் முன்பே மேசைக்கு வந்தாள்,
கையில் ரயில் நேரங்கள் எழுதிய தாளோடு.
சோள ரொட்டியைப் பிட்டு வைத்தபடி நினைத்தேன்:
இத்தனை வாயும் மூடாமலிருக்க
ஒரு மூடி திறக்காமலிருந்தால் போதும்.

ஜனவரியில் வாஹோவுக்கு இருமல்.
தைம் இலை போட்டு ஆவி பிடித்தோம்,
காலுக்குக் கம்பளி உறை போட்டோம்.
கிளினிக்கில் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டவர்
"நுரையீரல் சுத்தம். சூடாக ஏதாவது கொடுங்கள்.
காய்ச்சல் ஏறினால் மட்டும் ஓடி வாருங்கள்" என்றார்.
ஓடவேண்டியிருக்கவில்லை. ஆனால் இருமல் இருந்தது,
அலமாரியில் ராஸ்பெரி தீர்ந்திருந்தது.
நான் எழுவதற்குள் நுக்ஸார்
விளக்கோடு நிலவறைக்கு இறங்கிவிட்டார்.

மேலே வந்தவர் ஜாடியை மேசையில் வைத்தார்.
"சியாலா" என்றார்.
பதினேழு வருடத்தில் என் பெயரை
அந்தக் குரலில் சொன்னது இரண்டாவது தடவை.
முதல் தடவை, அவருடைய அம்மாவின் கோட்டை
நான் வெந்நீரில் துவைத்தபோது.

நூலை அவிழ்த்தோம்.
ஓரமெல்லாம் ஊதா.
"அந்த நபர் வேறு யாருமல்ல,
நம் எல்லாருடைய அன்புக்குரிய"
என்ற இடத்தில்
சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சிவப்புக் கறை.
விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தோம்.
தெக்லே போனில் படமெடுத்துப் பெரிதாக்கினாள்.
பெரிய கறை.

போர்வைக்குள்ளிருந்து வாஹோ கை நீட்டினான்,
வாங்கினான், யாரும் தடுக்கும் முன்
நக்கினான்.
"இனிப்பா இருக்கான்" என்றான்
கரகரத்த குரலில்.

அப்புறம் சிரிப்பு வந்து, சிரிப்பில் இருமல் வந்து,
இரண்டு கரண்டி ராஸ்பெரியை வெந்நீரில் கலக்கினேன்.
விதைகள் மேலே வந்து சுற்றின.
"அப்படியும் விதவைதான்" என்றாள் தெக்லே.
என்னை யாரும் திட்டவில்லை.
திட்ட நேரமில்லை,
நுக்ஸார் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டிருந்தார்.

நாளைக்குப் பீன்ஸ் ஊறப் போட்டேன்.
ஒரு கைப்பிடி கூடுதலாக.
கோச்சா வருவான்.