ஏழாவது புள்ளி

சாட்ஸ்வொர்த் கிளினிக், மூன்றாம் அறை.
தெம்பேகா எனக்கும் ஒரு
பச்சைக் கண்ணாடி மாட்டிவிடுகிறாள்.

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் கிழித்த கெண்டைக்கால்.
பதினோரு வாரமாய் வாய் மூடாத புண்.

சிவப்பாய் ஒரு பொட்டு ஒளி.
சுடவில்லை. தொட்டமாதிரிகூட இல்லை.
"இது வேலை செய்யுதா?"
பதில் இல்லை; ஸூலுவில் எண்ணுகிறாள்,
புள்ளிக்கு நாற்பது விநாடி.

ஏழாவதில் கரண்ட் போயிற்று.
இன்றைய முறைப்படி இரண்டு மணி நேரம்.

பிளாஸ்டிக் தாள்களை அடுக்கி
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்,
வாராவாரம் புண்ணின் விளிம்பை
மார்க்கரில் எடுத்தவை.
கோட்டுக்குள் கோடு, அதற்குள் கோடு,
கடைசியில்
ஐம்பது சென்ட் காசளவு.

நான் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது அசைந்ததும்
"எங்கே விட்டோம்?" என்றாள்.

"ஏழு. இருபத்தொன்று."