கதவு பூட்டியுள்ளது

படிவத்தில் எட்டாவது கட்டம்:
கதவு பூட்டியுள்ளது.
அங்கே ஒரு டிக் போட்டுவிட்டால்
அந்த வீட்டில் யாருக்கும் நோயில்லை.

சீட்டா கேம்ப். சந்துக்குள் சந்து.
குடை விரிக்க இடமில்லாததால்
மழையும் ஒற்றை வரிசையில்தான் வரும்.
தோள்பையில் சர்க்கரை பார்க்கும் ஊசி,
பிரஷர் மெஷின் (பேட்டரி என் காசு),
மூடி போட்ட சளி டப்பாக்கள் பன்னிரண்டு.
ஜெய்த்தூன் என்று என் அம்மா வைத்த பெயர்
இங்கே யாருக்கும் தெரியாது.
சளி டப்பா அக்கா.

மூன்று வாரமாக
அந்தப் பித்தளைப் பூட்டுக்கு
டிக் போட்டுக்கொண்டிருந்தேன்.
இன்று பூட்டு இருமியது.

நின்றேன்.
மறுபடியும்.
யாரு என்றேன்; இந்தியிலும் ஒருமுறை.
கம்பிக்குப் பின்னால் தகரம் விலகி
ஒரு கண் வந்தது.

இசக்கிராஜ். தேவ்னார் கிடங்கில் ராத்திரிக் காவல்.
உள்தாழ்ப்பாள் உடைந்து வருஷம் ஒன்றாகிறது.
பகலெல்லாம் அவர் தூங்க,
பேச்சித்தாய் வெளியே பூட்டிவிட்டு
செம்பூரில் பாத்திரம் தேய்க்கப் போகிறாள்.
"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"
"கேஸ் பேப்பர் வரிசையிலேயே
ஒரு நாள் கூலி போயிரும்லா."

டப்பாவைக் கம்பி வழியே நீட்டினேன்.
பாடம் ஒப்பித்தேன்:
காலையில் எழுந்ததும், வாய் கொப்பளித்துவிட்டு,
அடிநெஞ்சிலிருந்து.
எச்சில் வேண்டாம்.

"எனக்குக் காலைன்னா
சாயங்காலம் அஞ்சு மணி, பரவாயில்லையா?"

பயிற்சியில் இதற்குப் பதில் சொல்லித்தரவில்லை.
டிஸ்பென்சரி நாலு மணிக்கு மூடும்.
என் வேலை ரெண்டோடு சரி.
"நாளைக்கு ஒரு நாள்
மூணு மணிக்கு விடியட்டும்" என்றேன்.
சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது.
முகத்தைத் திருப்பிக்கொண்டார், எனக்காக.

மறுநாள் மூன்றுக்குக்
கம்பிக்கு வெளியே ஒரு கை மட்டும் நீண்டிருந்தது.
டப்பாவில் அவர் பெயர் எழுதினேன்.
வாங்கும்போது இன்னும் சூடு இருந்தது.

ரிசல்ட் வெள்ளிக்கிழமை.
அதுவரை வேறென்ன செய்ய?
பழைய படிவங்களை எடுத்து எண்ணினேன்:
இந்த ஒரு சந்தில் மட்டும் பதினோரு பூட்டு.
பேனாவில் போட்ட டிக், அழியாது.

இப்போதெல்லாம்
பூட்டிய கதவையும் தட்டிவிட்டு
காது வைத்து நிற்கிறேன்.
தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள்
ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போகிறார்கள்.